ஸ்டீயரிங் திருப்பினால் வந்த இரண்டு சத்தங்கள்

ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது சத்தம் வருகிற வண்டியை மூன்று மெக்கானிக்கிடம் காட்டினால் மூன்று பாகத்தின் பெயர் கிடைக்கும். என் வண்டிக்கு முதலில் கிடைத்த பெயர் ரேக், அதாவது ஸ்டீயரிங்கின் சுழற்சியைப் பக்கவாட்டு நகர்வாக்கிச் சக்கரங்களைத் திருப்பும் பல் தண்டு. "ரேக் பூடுச்சுண்ணா, அசெம்பிளியா மாத்திடலாம்" என்றார் ஒருவர், பானெட்டைக்கூடத் திறக்காமல். ஆட்டம் இல்லை, அதை மூடியிருக்கும் ரப்பர் உறையான பூட் கிழியவில்லை, அலைன்மெண்ட்டும் ஒழுங்காக நிற்கிறது, அப்படி இருக்க ரேக்கை எதற்கு மாற்ற வேண்டும் என்று கேட்டேன். "மாத்திப் பாப்போம். சத்தம் போச்சுன்னா அதுதான்னு தெரிஞ்சிரும்" என்றார். அப்படித் தெரிந்துகொள்வதற்கு ஆகும் காசு என்னுடையது. சரி, யோசித்துச் சொல்கிறேன் என்று வண்டியை வடசென்னையில் என் வீடு இருக்கும் தண்டையார்பேட்டைக்கே திருப்பிக் கொண்டுவந்துவிட்டேன்.

வண்டி பழைய சின்ன ஹேட்ச்பேக். எந்தக் கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை. நம் ஊரில் ஓடும் சின்னக் கார்கள் பெரும்பாலானவற்றுக்கு அமைப்பு இதுதான்: எலக்ட்ரிக் பவர் ஸ்டீயரிங், அதன் மோட்டார் ஸ்டீயரிங் தண்டிலேயே இருக்கும், கீழே ரேக் அண்ட் பினியன், முன்சக்கரங்களுக்கு மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட். 1950இல் வந்த ஃபோர்டு கான்சல் இந்த ஸ்ட்ரட்டோடு வந்த ஆரம்பகாலக் கார்களில் ஒன்று. ஷாக் அப்சார்பரையும் ஸ்பிரிங்கையும் ஒரே தூணாகக் கட்டி, சக்கரம் திரும்பும் அச்சும் அந்தத் தூணேதான் என்று வைத்துவிட்டார்கள். இடம் மிச்சம், காசும் மிச்சம். ஆனால் ஸ்டீயரிங்கைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் அந்தத் தூண் ஸ்பிரிங்கோடு சேர்ந்து சுழல வேண்டும், அதுவும் வண்டியின் முன்பாரத்தைச் சுமந்துகொண்டே. அதற்காகத் தூணின் உச்சியில் ஒரு பேரிங் வைத்திருப்பார்கள். அளவில் சின்னது, தட்டையானது, வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. ஸ்டீயரிங் சத்தம் என்று வருகிற வண்டியில் பலர் கடைசியாக நினைக்கும் பாகம் அதுதான்.

ஜாக்கியைத் தொடுவதற்கு முன்னால், சத்தம் எப்போது வருகிறது, எப்போது வரவில்லை என்பதை ஒரு பழைய பில்லின் பின்பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டேன். காலையில் சந்திலிருந்து வண்டியைப் பின்னால் எடுக்கும்போது வரும். டோல்கேட்டைத் தாண்டி மெட்ரோ தூண்களுக்கு நடுவே யூ-டர்ன் அடிக்கும்போது நன்றாகவே வரும். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் கன்டெய்னர் லாரிகளுக்கு ஒதுங்கி ஓட்டும்போது லேசாக இப்படி அப்படித் திருப்பினால் ஒரு மெல்லிய கீச் மட்டும். நல்ல வெயிலில் அந்தக் கீச் அதிகம், மழை நாளில் குறைவு. நின்ற இடத்தில் முழுக்கத் திருப்பினால் கிர்ர்ரென்று எதோ முறுக்கிக்கொண்டு, பிறகு டொங்கென்று விடும். இந்த டொங்குக்கு வெயிலும் மழையும் ஒன்றுதான்.

எழுதியதைத் திரும்பப் படித்தபோது விஷயம் பாதி விளங்கிவிட்டது. வெயிலுக்கு ஏறி மழைக்கு இறங்குவது ஒன்று, எதற்கும் மாறாதது இன்னொன்று. இரண்டும் ஒரே பாகத்திலிருந்து வர வாய்ப்பு குறைவு. இரண்டையும் ஒரே சத்தம் என்று நினைத்துத் தேடியிருந்தால், ஒன்றைச் சரிசெய்த பிறகு மற்றது மிச்சமிருப்பதைப் பார்த்து, செய்த வேலையே தப்பு என்று தோன்றியிருக்கும். ரேக் மாற்றப்படும் வண்டிகளில் பலவும் இந்தக் குழப்பத்தில்தான் மாட்டுகின்றன என்பது என் சந்தேகம்.

கையிலிருந்து டயர் வரை போகும் வழியைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஸ்டீயரிங் வீலுக்குப் பின்னால், ஹார்னுக்கும் ஏர்பேக்குக்கும் கரண்டு போகும் ஸ்பைரல் கேபிள். இது பழுதானால் காகிதத்தைக் கசக்குவது போல் சரசரக்கும், கூடவே ஏர்பேக் விளக்கும் எரியலாம். அடுத்து தண்டு, அதில் மோட்டார். பிறகு இரண்டு முனையிலும் யூனிவர்சல் ஜாயிண்ட் வைத்த ஓர் இடைத்தண்டு. அது கால் மிதிகளுக்கு அருகே ஒரு ரப்பர் பூட் வழியாக இன்ஜின் பக்கம் போகும். அங்கே ரேக், ரேக்கின் இரு முனையிலும் சக்கரத்தைத் தள்ளி இழுக்கும் கம்பியான டை ராட், டை ராட் முனையில் பந்து மூட்டு. அது பிடித்து இழுக்கும் நக்கிள் (சக்கரத்தைத் தாங்கும் இரும்புத் துண்டு) கீழே லோயர் ஆர்ம் என்ற கையின் பால் ஜாயிண்ட்டில், அதாவது இன்னொரு பந்து மூட்டில் நிற்கிறது. மேலே ஸ்ட்ரட்டோடு போல்ட் போட்டு இறுக்கியிருக்கும். ஸ்ட்ரட்டின் உச்சியில் நான் சொன்ன பேரிங். கடைசியில் டயர், தரை.

ஹைட்ராலிக் பவர் ஸ்டீயரிங் உள்ள பழைய வண்டிக்காரர்களுக்கு இதில் இன்னொரு கணக்கு உண்டு. முழுக்கத் திருப்பி நிறுத்தும்போது வீலென்று கத்தினால் பெல்ட் தளர்ந்திருக்கலாம் அல்லது தேய்ந்திருக்கலாம். உறுமினால் ஆயில் குறைந்திருக்கலாம், அல்லது ஆயிலில் காற்று புகுந்திருக்கலாம். முதலில் ஆயில் டப்பாவைத் திறந்து பாருங்கள். என் வண்டியில் பம்ப்பும் இல்லை, அதை ஓட்டும் பெல்ட்டும் இல்லை என்பதால் அந்தக் கிளை முழுவதும் வெட்டுப்பட்டுவிட்டது.

முதல் சோதனை, டயரை விலக்குவது. நின்ற வண்டியில் ஸ்டீயரிங்கைத் திருப்பினால் டயர் தரையைத் தேய்க்கும். வழவழப்பான டைல்ஸ், பெயிண்ட் அடித்த பார்க்கிங் தரை இதிலெல்லாம் டயரே கீச்சிடும், வண்டியில் ஒரு கோளாறும் இருக்காது. அலைன்மெண்ட் கடையில் சக்கரத்துக்கு அடியில் சுழலும் தட்டு வைப்பார்கள். என்னிடம் இருந்தது போன தேர்தலின் ஃபிளெக்ஸ் பேனர். அதை இரண்டாக வெட்டி, ஒவ்வொன்றையும் நான்காக மடித்து, மடிப்புகளுக்கு இடையே சோப்புத் தண்ணீர் விட்டு, முன்சக்கரம் இரண்டுக்கும் அடியில் ஒவ்வொன்று வைத்து வண்டியை மேலே ஏற்றினேன். வேட்பாளர் முகம் உள்ளே போகும்படிதான் மடித்தேன், தெருவில் யாரும் வருத்தப்படக் கூடாதல்லவா. இன்ஜினை ஓடவிட்டு ஸ்டீயரிங்கைத் திருப்பினால் டயர் வழுக்கிக்கொண்டு சத்தமில்லாமல் திரும்பியது. கீச்சும் இருந்தது, டொங்கும் இருந்தது. டயர் தப்பித்தது.

இங்கே ஒரு விஷயம். எலக்ட்ரிக் பவர் ஸ்டீயரிங்கை நின்ற இடத்திலேயே திருப்பித் திருப்பிச் சோதித்தால் மோட்டார் சூடேறும். சூடேறினால் அது தன்னைக் காத்துக்கொள்ள உதவியைக் குறைக்கும், ஸ்டீயரிங் கனக்கத் தொடங்கும். புதிதாக ஏதோ கெட்டுவிட்டது என்று பதற வேண்டாம். வண்டியை அணைத்துவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வந்தால் பழையபடி ஆகிவிடும்.

அடுத்து பாரத்தை விலக்குவது. பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, ஹேண்ட்பிரேக் போட்டு, முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, இரண்டு பக்கமும் ஸ்டாண்ட் வைத்தேன். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையைக் கொடுக்கும் பழக்கம் நம் ஊரில் நிறையப் பேருக்கு இருக்கிறது. ஸ்டாண்ட் ஜோடி ஒன்றின் விலை ஒருமுறை பெட்ரோல் போடுவதற்கு மேல் போகாது, அதற்கு மேல் நான் எதுவும் சொல்லப் போவதில்லை. சக்கரம் அந்தரத்தில் இருக்கும்போது இன்ஜின் இல்லாமலே ஸ்டீயரிங் திரும்பும். மகள் சமீபத்தில்தான் லைசென்ஸ் எடுத்தாள் என்பதால் வண்டி சம்பந்தமான எதற்கும் முன்னால் வந்து நிற்பாள். அவளை ஓட்டுநர் இடத்தில் உட்கார வைத்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை மெதுவாகத் திருப்பச் சொன்னேன்.

கீச் அப்படியே வந்தது. டொங் காணாமல் போனது, கிர்ர் மட்டும் மிக லேசாக.

பாரம் இல்லாதபோதும் வருவது, பாரத்துக்குச் சம்பந்தமில்லாத இடத்தில் பிறக்கிறது: தண்டு, பூட், ரேக். பாரம் ஏறினால்தான் வருவது ஸ்ட்ரட் பேரிங்கிலோ பால் ஜாயிண்ட்டிலோ பிறக்கிறது. ஆனால் சக்கரத்தைத் தூக்கிவிட்டால் ஸ்ட்ரட் பேரிங்கின் மேல் சுமையே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. ஸ்பிரிங் அதன் கூட்டுக்குள் எப்போதும் கொஞ்சம் அமுக்கப்பட்டுத்தான் இருக்கும், அந்த அமுக்கம் பேரிங்கின் மேல் இருந்துகொண்டேதான் இருக்கும். அந்த லேசான கிர்ர் அதனால்தான் மிச்சமிருந்தது.

"அப்பா, எனக்குக் கையிலேயே தெரியுது. ஆனா சத்தம் காலுகிட்டருந்து வருது" என்றாள் மகள். கிளட்ச் மிதிக்குப் பக்கத்தில் டார்ச்சோடு தலையை நுழைத்துப் பார்த்தேன். இடைத்தண்டு தரைத் தகட்டைத் துளைத்துப் போகும் இடத்தில் அந்த ரப்பர் பூட். அதன் உதடு தண்டைச் சுற்றிக் கவ்வி நிற்கும், தண்ணீரும் தூசியும் இன்ஜின் சத்தமும் உள்ளே வராமல் தடுப்பது அதன் வேலை. உதட்டைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் நல்ல நைசான தூசி, விரலில் எடுத்துத் தேய்த்தால் முகப்பவுடர் மாதிரி. எண்ணூர், மணலி பக்கம் கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டுகிறவர்களுக்கு அந்தத் தூசியை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. கம்பெனியில் வைத்த கிரீஸ் காய்ந்து, தூசியோடு சேர்ந்து பசையாகி, ரப்பர் உதடு தண்டோடு ஒட்டி ஒட்டி விடுபட்டுக்கொண்டிருந்தது. ரப்பரில் கீச்சென்று கேட்பதெல்லாம் அந்த ஒட்டலும் விடுபடலும்தான். ஈரம் பட்டால் வழுக்கும், அதனால்தான் மழை நாளில் குறைவு.

உறுதி செய்ய ஒரு ஸ்பிரே பாட்டிலில் வெறும் தண்ணீர் எடுத்து உதட்டைச் சுற்றி இரண்டு பீச்சு பீச்சினேன். கீச் உடனே நின்றது, காய்ந்ததும் திரும்பி வந்தது. சந்தேகப்படும் ரப்பரின் மேல் தண்ணீர் தெளித்துப் பார்ப்பதைப் போல் மலிவான சோதனை வேறில்லை.

இந்த இடத்தில் பலர் கையில் எடுப்பது துரு நீக்கும் ஸ்பிரே. அடித்த நிமிஷம் சத்தம் நிற்கும், உண்மைதான். ஆனால் அது பெட்ரோலிய எண்ணெய். இருக்கும் கிரீஸையும் கரைத்துக்கொண்டு போகும், பல வகை ரப்பர்களை ஊதவும் வைக்கும், சில வாரத்தில் முன்பைவிட மோசமாகக் கத்தும். ரப்பருக்குச் சிலிக்கோன் கிரீஸ்தான் சரி. ஈரத் துணியால் உதட்டையும் தண்டையும் துடைத்து, காயவிட்டு, ஐஸ்கிரீம் குச்சியின் முனையில் சிலிக்கோன் கிரீஸை எடுத்து உதட்டுக்கு அடியில் சுற்றித் தடவினேன். மகள் நாலைந்து முறை திருப்பியதும் கிரீஸ் பரவிவிட்டது. முதல் சத்தத்தின் கதை அத்தோடு முடிந்தது. மிதிகளின் மேல் கிரீஸ் விழுந்திருந்தால் துடைத்துவிட மறக்காதீர்கள், பிரேக் மிதி வழுக்குவது விளையாட்டில்லை.

வண்டியைக் கீழே இறக்கி மறுபடி ஃபிளெக்ஸ் மேல் நிறுத்தினேன். இனி டொங்.

இதற்குள் எதிர்வீட்டு அண்ணன் வந்துவிட்டார். எண்ணூர் லாரி பேக்டரியில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். திறந்த பானெட் எங்கே தெரிந்தாலும் வந்து நிற்கிற அந்தத் தலைமுறை ஆட்கள் வடசென்னையில் இன்னும் நிறைய இருக்கிறார்கள். கொஞ்ச நேரம் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். பிறகு, "தம்பி, துடைப்பக் கட்டை இருக்கா?" என்றார். தும்புத் துடைப்பத்தின் கம்பைக் கழற்றிக் கொடுத்தேன். ஒரு முனையை ஸ்ட்ரட் உச்சியில் உள்ள நட்டின் மேல் வைத்து, மறுமுனையைக் காதுக்கு முன்னால் உள்ள எலும்பில் அழுத்திக்கொண்டார். "திருப்பும்மா." வலது பக்கம் வைத்துக் கேட்டார். இடது பக்கம் வைத்துக் கேட்டார். இடது பக்கம் வைத்தபோது கம்பை எடுத்து என்னிடம் நீட்டினார். உள்ளே மணலை அரைப்பது கேட்டது. மரக்கம்பு திடப்பொருளின் அதிர்வை நேராக எலும்புக்குக் கொண்டுவரும், காற்றில் வரும் இரைச்சல் குறையும். நீளமான திருப்புளியும் போதும், ஆனால் இன்ஜின் ஓடும்போது ஃபேன் பக்கம் உலோகத்தைக் கொண்டுபோக எனக்கு மனம் வராது.

கேட்டது போதாது, தொட்டும் பார்க்க வேண்டும். இடது சக்கர வளைவுக்குள் கையை விட்டு, ஸ்பிரிங்கின் வெளிப்பக்கம் விரல் நுனியை லேசாக வைத்தேன். சுருளுக்கும் சுருளுக்கும் இடையில் விரலை நுழைக்கக் கூடாது. மகள் மெதுவாகத் திருப்பினாள். வலது பக்க ஸ்பிரிங் ஸ்ட்ரட்டோடு ஒழுங்காகச் சேர்ந்து சுழன்றது. இடது பக்கத்தில் ஸ்ட்ரட் சுழன்றது, ஸ்பிரிங் அசையவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கேறி, ஒரு கட்டத்தில் விரலுக்கு அடியில் துள்ளியது. அந்தத் துள்ளல்தான் டொங். மேலே பேரிங் இறுகிவிட்டதால் ஸ்பிரிங் சுழல முடியாமல் கம்பியே முறுக்கிக்கொண்டு, தாங்க முடியாதபோது தான் உட்கார்ந்திருக்கும் தட்டில் வழுக்கிக் குதிக்கிறது. விரலில் அந்த உதையை ஒருமுறை உணர்ந்துவிட்டால் பிறகு யார் வந்து ரேக் என்று சொன்னாலும் காதில் ஏறாது.

பால் ஜாயிண்ட்டையும் விட்டுவிடவில்லை. சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்தேன், ஆட்டமில்லை. லோயர் ஆர்முக்கும் நக்கிளுக்கும் இடையே கடப்பாரை முனையைக் கொடுத்து நெம்பினேன், அப்போதும் இல்லை. காய்ந்த பால் ஜாயிண்ட்டும் இதே மாதிரி முனகும் என்பதால் இந்தச் சோதனை அவசியம். சந்தேகம் தீரவில்லை என்றால் ஊசியால் அதன் ரப்பர் உறைக்குள் கொஞ்சம் கியர் ஆயில் ஏற்றிப் பார்ப்பார்கள், சத்தம் மாறினால் குற்றவாளி அதுதான். ஆனால் அந்த ஊசித் துளை வழியாகத் தண்ணீர் இறங்கும், எனவே அது கண்டுபிடிக்கும் வழி மட்டுமே, வைத்தியம் ஆகாது. எனக்கு அது தேவைப்படவில்லை.

இடது பக்கம் மட்டும் ஏன் போயிற்று? பானெட்டுக்குள் பார்த்தால் பதில் கண்ணெதிரே இருந்தது. வலது ஸ்ட்ரட் உச்சியில் ரப்பர் தொப்பி உட்கார்ந்திருந்தது. இடது பக்கம் தொப்பியே இல்லை, நட்டும் அதைச் சுற்றிய குழியும் திறந்து கிடந்தன. முன்பு எப்போதோ கழற்றிய யாரோ திருப்பிப் போடவில்லை. மழைத் தண்ணீரும், வண்டி கழுவும் தண்ணீரும், காசிமேட்டுப் பக்கத்து உப்புக் காற்றும் நேராக உள்ளே. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சமையல் உப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கசியத் தொடங்கும். கடலோரத்தில் பல ராத்திரிகள் அந்த அளவைத் தாண்டுகிறோம். அதனால் உப்புப் படிந்த இரும்புக்குத் துருப்பிடிக்க மழை தேவையில்லை, இருந்த இடத்திலேயே ராத்திரி முழுக்க நனைந்துகொண்டிருக்கும். இதற்கு மேல், இடது சக்கரம் எப்போதும் ரோட்டோரத் தண்ணீரிலும் மணலிலும் ஓடுகிற சக்கரம்.

சாமான் வாங்க ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. ஸ்ட்ரட் மவுண்ட் (ஸ்ட்ரட்டின் உச்சியை வண்டியோடு பிடிக்கும் ரப்பர் வைத்த தாங்கி), பேரிங் இரண்டையும் இரு பக்கத்துக்கும் வாங்கினேன். வலது பேரிங் இன்னும் நன்றாகத்தான் இருந்தது என்றாலும் அதற்கும் அதே வயசு, கழற்றி மாட்டும் உழைப்போடு பார்த்தால் பேரிங்கின் விலை ஒன்றுமில்லை. கடைக்காரர் தனிப் பேரிங்கை நீட்டி, "மவுண்ட் ரப்பர் நல்லாருந்தா இது மட்டும் போதும் சார்" என்று நேர்மையாகச் சொன்னார். பழைய ரப்பரில் வெடிப்பு இருந்ததைக் காலையில் பார்த்திருந்தேன். பழைய சாமானுக்குப் புதுப்பேட்டை போகலாம், நானும் போவேன், ஆனால் பேரிங்கும் பிரேக் சம்பந்தப்பட்டதும் அங்கே வாங்குவதில்லை.

கழற்றும் வேலையில் நேரத்தைத் தின்றது இரண்டே இடம். ஒன்று, ஸ்டேபிலைசர் லிங்க், அதாவது வண்டி சாயாமல் தடுக்கும் குறுக்குக் கம்பியை ஸ்ட்ரட்டோடு இணைக்கும் சின்னக் கம்பி. அதன் நட்டைத் திருப்பினால் போல்ட்டும் சேர்ந்து சுற்றும். போல்ட்டின் நுனியில் அலன் கீ போடும் குழி இருக்கும், துருவிலும் சேற்றிலும் அது மூடியிருந்தது. ஊசியால் குடைந்து சுத்தம் செய்து, கீயை முழுக்க உள்ளே இறக்கிய பிறகே ஸ்பேனரைத் தொட வேண்டும். அரைகுறையாக இறக்கினால் குழி உருண்டுவிடும், பிறகு அறுப்பதுதான் வழி. இன்னொன்று, ஸ்ட்ரட்டை நக்கிளோடு பிடிக்கும் இரண்டு பெரிய போல்ட். முந்தின ராத்திரியே துரு இளக்கும் எண்ணெயை விட்டு வைத்திருந்தேன், இந்த வேலைக்கு அந்த ஸ்பிரே சரியான ஆள். நட் கழன்றது, போல்ட் வரவில்லை. சுத்தியலால் நேராக அடித்தால் மரை நசுங்கும். நட்டைத் திரும்ப நாலு சுற்று ஏற்றி நட்டின் மேல் அடித்தேன், இறங்கியது.

கழற்றுவதற்கு முன் அந்த போல்ட் தலைகள் நின்ற இடத்தை நகப்பாலிஷால் கோடு போட்டு வைத்தேன். போல்ட் துளையில் கொஞ்சம் இடைவெளி உண்டு, ஸ்ட்ரட் ஒரு நூல் சாய்ந்து உட்கார்ந்தாலும் கேம்பர் (முன்னாலிருந்து பார்த்தால் தெரியும் சக்கரச் சாய்வு) மாறிவிடும். பிரேக் ஹோஸையும் ஏ.பி.எஸ். ஒயரையும் ஸ்ட்ரட்டிலிருந்து கழற்றி, நக்கிள் வெளியே சாய்ந்து அவற்றை இழுக்காதபடி கயிற்றால் கட்டினேன். பானெட்டுக்குள் உச்சியில் மூன்று சின்ன நட். நடுவில் உள்ள பெரிய நட்டை இந்தக் கட்டத்தில் தொடவே கூடாது. ஸ்பிரிங்கை அமுக்கி வைத்திருப்பது அந்த ஒரு நட்தான்.

ஸ்பிரிங்கைப் பிரிக்கும் வேலையை நான் வீட்டில் செய்யவில்லை. கொக்கி போட்டு இரண்டு பக்கமும் முறுக்கும் கம்ப்ரஸர் வாடகைக்குக் கிடைக்கும், யூடியூபில் அதை வைத்துச் செய்கிறவர்களும் உண்டு. ஒரு கொக்கி வழுக்கினால் போதும், ஸ்பிரிங் மனிதனைத் தூக்கி அடித்துவிடும். கொருக்குப்பேட்டையில் சஸ்பென்ஷன் வேலை மட்டும் செய்கிற ஒரு பட்டறையில், சுவரில் பதித்த பெரிய கம்ப்ரஸர் வைத்திருக்கிறார்கள். இரண்டு ஸ்ட்ரட்டையும் ஆட்டோவில் தூக்கிக்கொண்டு போய், பிரித்து மாட்டும் கூலி மட்டும் கொடுத்தேன்.

இடது மவுண்ட்டைக் கழற்றியதும் பட்டறைக்காரர் அதைத் தரையில் ஒரு தட்டுத் தட்டினார். செங்கல் பொடி கொட்டியது. பேரிங்கின் மேல் தகட்டையும் கீழ்த் தகட்டையும் விரலால் பிரித்தால் உள்ளே குண்டுகள் பாதி கறுப்பு, பாதி காவி நிறம். சில குண்டுகளில் ஒரு பக்கம் தட்டையாகவே தேய்ந்திருந்தது, அவை உருண்டு பல காலம் ஆகியிருக்க வேண்டும். கிரீஸ் இருந்த இடத்தில் வெள்ளைப் பசை. "இன்னாண்ணா, கடல்ல ஓட்டுனீங்களா?" என்றார். வலது பேரிங்கில் கிரீஸ் இன்னும் பழுப்பாக, ஈரமாக இருந்தது. ஒரு ரப்பர் தொப்பி செய்த வேலை அது.

திருப்பி மாட்டும்போது அவர் பக்கத்திலேயே நின்று மூன்று விஷயத்தைப் பார்த்துக்கொண்டேன். ஸ்பிரிங்கின் கீழ் நுனி அதற்கான படியில் முட்டி உட்கார வேண்டும். பேரிங்குக்கு மேல் கீழ் உண்டு, தலைகீழாகப் போட்டாலும் உட்கார்ந்துவிடும், ஆனால் நிலைக்காது. மவுண்ட்டில் உள்ள குறி பழைய மவுண்ட் நின்ற திசையிலேயே நிற்க வேண்டும், இல்லாவிட்டால் வண்டியில் மூன்று துளைக்கும் நேராக வராது. நடு நட்டை இறுக்க அவர் ஏர் கன்னை எடுத்தார். "அண்ணே, கையால போட்டுருங்க" என்றேன். ஒன்றும் சொல்லாமல் அலன் கீயை எடுத்துத் தண்டைப் பிடித்துக்கொண்டு ஸ்பேனரால் இறுக்கினார். கன்னால் இறுக்கினால் ஷாக் அப்சார்பரின் தண்டு உள்ளே கிறுகிறுவென்று சுற்றும், அதன் சீலுக்கு அது நல்லதில்லை.

வண்டியில் மாட்டுவது கழற்றியதற்கு நேர்மாறு, நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. நகப்பாலிஷ் கோடுகளைப் பொருத்தி, பெரிய போல்ட்டுகளைக் கையேட்டில் உள்ள அளவுக்கு, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் இறுக்கினேன். பிரேக் ஹோஸ் முறுக்கில்லாமல் இருக்கிறதா என்று ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பார்த்துக்கொண்டேன். சக்கர நட்டுகளை வண்டியைக் கீழே இறக்கிய பிறகு எதிரெதிராக இறுக்கி, கொஞ்சம் ஓட்டிவிட்டு வந்து மறுபடி ஒருமுறை சரிபார்த்தேன்.

ஃபிளெக்ஸ் இல்லாமல் வெறுந்தரையிலேயே மகள் திருப்பினாள், நான் ஸ்பிரிங்கில் விரல் வைத்தேன். இரண்டு பக்கமும் ஒன்றாகச் சுழன்றன. பிறகு டோல்கேட் யூ-டர்ன், தேரடிப் பக்கத்துச் சந்துகள், எக்ஸ்பிரஸ் ரோடு. சத்தம் இல்லை என்பதோடு, திருப்பிய பின் ஸ்டீயரிங் தானாக நடுவுக்கு வருவதும் சுறுசுறுப்பாகிவிட்டது. இறுகிய பேரிங் அதையும் இழுத்துப் பிடித்திருந்திருக்கிறது. இதைக் குறிப்புத் தாளில் நான் எழுதவே இல்லை, மெல்ல மெல்ல வந்த மாற்றம் என்பதால் கை பழகிப்போயிருந்தது. உங்கள் வண்டியில் முனைகளில் திரும்பிய பிறகு ஸ்டீயரிங்கை நீங்களே இழுத்து நடுவுக்குக் கொண்டுவர வேண்டியிருந்தால், சத்தம் வருமுன்பே இந்தப் பேரிங்கைச் சந்தேகப்படலாம்.

அலைன்மெண்ட் கடையில் பார்த்தபோது டோ, அதாவது சக்கரங்களின் முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு, கொஞ்சம் வெளியே போயிருந்தது, டை ராடில் சரிசெய்தார்கள். கேம்பர் இரண்டு பக்கமும் அளவுக்குள். இடது பக்க ரப்பர் தொப்பி மட்டும் புதிதாக எந்தக் கடையிலும் தனியாகக் கிடைக்கவில்லை, கடைசியில் புதுப்பேட்டையில்தான் ஒன்று கிடைத்தது. வேலை செய்யும்போது வலது லோயர் ஆர்மின் பால் ஜாயிண்ட்டை மூடும் ரப்பர் உறையில் மெல்லிய வெடிப்பு ஒன்றைப் பார்த்தேன். கிரீஸ் இன்னும் கசியவில்லை. அந்த ஆர்மை வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் மாற்ற வேண்டும்.